தேங்காய் விழுந்தால் நெப்போலியன், சாட்சி ஏறினால் ஆங்கிலேயர்

மொரிசியஸ் போய்வந்த வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: 1968இல் விடுதலை, 1992இல் குடியரசு. இதற்கு அப்புறமும் அந்த நாட்டின் கடைசி மேல்முறையீடு ஏன் லண்டன் பிரிவி கவுன்சிலுக்கு (பிரிட்டனின் பழைய காலனிகள் சிலவற்றின் இறுதி மேல்முறையீட்டைக் கேட்கும் நீதிமன்றம்) போகிறது?

அவர்களுடைய அரசியல் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. மாவட்ட நீதிமன்றம், இடைநிலை நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று ஏறிவந்தால், அதற்கும் மேலே ஒரு படி கடல் தாண்டி இருக்கிறது. சிவில் வழக்கில் விவகாரம் 10,000 மொரிசியஸ் ரூபாயைத் தொட்டாலே அதில் ஏற உரிமை உண்டு. இன்றைக்கு அது ஒரு சுமாரான செல்போன் விலை. வக்கீல் பீஸை நினைத்தால் யாரும் போகமாட்டார்கள், அது வேறு. இந்தியா 1949இலும் சிங்கப்பூர் 1994இலும் அறுத்துக்கொண்ட தொப்புள்கொடி இது.

எனக்கு இதைவிடச் சுவாரசியம், கீழே ஓடும் சட்டம். 1810 டிசம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் தீவை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தபோது ஒரு நிபந்தனை போட்டார்கள்: மக்களின் மதம், சட்டம், வழக்கம் எதிலும் கைவைக்கக் கூடாது. கொடி மாறியது, நெப்போலியனின் சிவில் சட்டத் தொகுப்பு தங்கிவிட்டது. கோர்ட் நடத்தும் முறையை மட்டும் ஆங்கிலேயர் மெல்லத் தங்கள் வழிக்குக் கொண்டுவந்தார்கள்.

இரண்டும் எப்படிச் சேர்ந்து ஓடும்? பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து காய் விழுந்து உங்கள் கார் கண்ணாடி உடைகிறது என்று வையுங்கள். ஆங்கிலச் சட்டத்தில் பக்கத்து வீட்டுக்காரரின் அஜாக்கிரதையை நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். மொரிசியஸில் அந்தத் தொகுப்பின் 1384ஆம் பிரிவு இருக்கிறது: ஒரு பொருள் யார் வசம் இருக்கிறதோ, அது செய்த சேதத்துக்கு அவர்தான் பொறுப்பு. நீங்கள் எதையும் துருவ வேண்டாம். புயல் அடித்தது, அல்லது தப்பு உங்களுடையது என்று அவர்தான் காட்டித் தப்பிக்க வேண்டும். இந்தப் பிரிவுக்குப் பொருள் தேடி நீதிபதி பிரான்ஸின் தீர்ப்புகளைப் புரட்டுவார். ஆனால் காய் விழுந்ததைப் பார்த்தவர் கூண்டில் ஏறியதும் சாட்சிய விதிகளும் குறுக்கு விசாரணையும் ஆங்கிலேய பாணி. சாட்சி பேசுவது தீவின் பேச்சுமொழியான கிரியோல், மேற்கோள் பிரெஞ்சு, தீர்ப்பு ஆங்கிலம். (ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து உள்ள நாடு; கோர்ட்டில் அதற்கு வேலையில்லை.)

வழக்கு லண்டன் போனால் இன்னும் வேடிக்கை. நெப்போலியனின் சட்டத்துக்கு இறுதிப் பொருள் சொல்வது, அவனை வாட்டர்லூவில் தோற்கடித்த நாட்டின் நீதிபதிகள்! பிரான்ஸோ 2016இல் எண்களையே மாற்றி 1384ஐ 1242 ஆக்கிவிட்டது. தீவில் அது இன்னும் 1384தான்.

இதை அடிமைப் புத்தி என்பவர்கள் உண்டு. நான் முழுக்க ஒப்பமாட்டேன். சுமார் 12 லட்சம் பேர் வாழும் இடத்தில் யாரும் யாருக்கும் தூரமில்லை. சகோதரிக்குப் பங்கிருந்த தனியார் மருத்துவமனையை அரசு வாங்கியதில், நிதியமைச்சராகக் கையெழுத்திட்ட பிரவிந்த் ஜக்நாத்துக்கு இடைநிலை நீதிமன்றம் 2015இல் 12 மாதச் சிறை விதித்தது. மறு வருடம் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அரசுத் தரப்பு லண்டனுக்குப் போனது. அங்கே வழக்கு வருவதற்குள் அவர் பிரதமராகிவிட்டார். 2019 பிப்ரவரியில் மேல்முறையீடு தள்ளுபடி. அந்தத் தீர்ப்பு பிடிக்காதவர்கள்கூட, எழுதியவர் பிரதமரின் சகலை என்று சொல்ல வழியில்லை.