ஜமுக்காளத்தில் உட்கார வைத்த 950 பேர்

டெல்லியில் 1,200 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்வோம். விளையாட்டு விழாவில் நாலு வயதுப் பிரிவு, ஆண் பெண் தனித்தனி, ஒவ்வொன்றிலும் ஆறு தனிநபர் போட்டி, போட்டிக்கு மூன்று பதக்கம். மொத்தம் 144. நன்றாக ஓடும் பிள்ளைதான் நீளமும் தாண்டும், குண்டும் எறியும். ஆளுக்கு மூன்று வாங்கினால் 48 பேரோடு கதை முடிந்தது. மார்ச் பாஸ்ட், டிரில் என்று இன்னும் 200 பேரைச் சேர்த்துக்கொண்டாலும், மீதி 950 பேர் காலை எட்டு மணியிலிருந்து ஜமுக்காளத்தில் உட்கார்ந்து கைதட்ட வேண்டும். பத்து மணிக்கு மேல் அவர்கள் வாட்டர் பாட்டிலை உருட்டி விளையாடுகிறார்கள். உடனே ஆசிரியர் அறையில் ஒரு தீர்ப்பு வந்துவிடும்: "இந்தக் காலத்துப் பசங்களுக்கு ஸ்கூல் மேல பற்றே இல்ல சார்."

பற்று இல்லாமல் இல்லை. செய்ய வேலை இல்லை. தன் ஹவுஸுக்கு (பள்ளிப் பிள்ளைகளைப் பிரிக்கும் நாலு அணிகளில் ஒன்று) தன்னால் ஒரு புள்ளியாவது கிடைக்கும் என்று தெரிந்த பிள்ளை யாரும் சொல்லாமலே கத்தும். ஆகவே விழாவைத் திட்டமிடும்போது முதலில் கேட்க வேண்டியது, எத்தனை பேருக்கு அன்றைக்கு ஒரு வேலை இருக்கிறது என்பதைத்தான். தலைமை விருந்தினர், பலூன், பேண்டு எல்லாம் அதற்கப்புறம்.

சிக்கல் பேர் கொடுக்கும் நாளிலேயே தொடங்குகிறது. வகுப்பில் "யாரெல்லாம் ஓடறீங்க?" என்று கேட்டால் வழக்கமான நாலு கைதான் உயரும். மற்றவர்களுக்கு ஓடப் பிடிக்காது என்றில்லை. எல்லார் எதிரிலும் இருபது அடி பின்தங்கிக் கடைசியாக வரத்தான் பயம். இதற்கான மருந்து பள்ளியின் கையிலேயே இருக்கிறது. மத்திய அரசின் விளையாட்டுத் திட்டமான கேலோ இந்தியாவின் உடற்தகுதிச் சோதனையில் 9 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு 50 மீட்டர் ஓட்டமும் 600 மீட்டர் ஓட்டமும் உண்டு. அந்த நேரங்களை மொபைல் ஆப்பில் ஏற்றியதோடு பல பள்ளிகள் மறந்துவிடுகின்றன. அதை எடுத்து வேக வரிசையில் அடுக்கி, ஆறு ஆறு பேராகப் பிரித்து ஹீட்ஸ், அதாவது முதல் சுற்று ஓட்டங்கள், போடுங்கள். 9.8 விநாடியில் ஓடும் பிள்ளை 9.6, 10.0 என்று ஓடுபவர்களோடு நிற்கும். கடைசி அடி வரை யார் ஜெயிப்பார் என்று தெரியாது. பார்ப்பவர்களுக்கும் அதுதான் நல்ல பந்தயம்.

எல்லாரையும் ஓட வைக்க நேரம் எங்கே என்பார்கள். ஆறு பேர் ஓடும் ஒரு ஹீட்டுக்கு, வரிசையில் நிறுத்துவது, ஓடுவது, நேரம் எழுதுவது எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம். 1,200 பேர் என்றால் 200 ஹீட், பத்து மணி நேரம். விழா நாளில் நடக்காத காரியம். ஆனால் 40 பேர் உள்ள ஒரு செக்‌ஷனுக்கு ஏழு ஹீட், 21 நிமிடம், ஒரே பி.டி. பீரியடில் முடியும். முப்பது செக்‌ஷனுக்கு முப்பது பீரியட், இரண்டு வாரத்துக்குள் அடங்கும். விழா நாளில் இறுதிப் போட்டி மட்டும். அதிலும் வேகமான ஆறு பேருக்கு 'ஏ' இறுதி, நடுத்தரத்தில் ஆறு பேருக்கு 'பி', அதற்கடுத்து 'சி'. எட்டுப் பிரிவுக்கு 24 ஓட்டம், 72 நிமிடம், 144 பேர். பதக்கக் கணக்கில் வந்த அதே எண்தான், ஆனால் இங்கே 144 தனித்தனிப் பிள்ளைகள்.

இதில் ஒரு தில்லுமுல்லு நடக்கும், முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். 'பி'யில் முதலாவதாக வரலாம் என்று சிலர் ஹீட்டில் வேண்டுமென்றே மெதுவாக ஓடுவார்கள். உடற்தகுதிச் சோதனை நேரம், ஹீட் நேரம் இரண்டில் எது வேகமோ அதை வைத்துப் பிரித்தால் அந்த வழி அடைபடும்.

புள்ளிகள் விஷயத்தில் எங்கள் கருத்து கொஞ்சம் பிடிவாதமானது. முதல் மூவருக்கு மட்டும் புள்ளி தருவது, மற்றவர்களை வீட்டுக்குப் போ என்று சொல்வதற்குச் சமம். மூன்று இறுதிகளுக்கும் 5, 3, 2, 1. இதோடு, போன ஆண்டு அந்த வயதுப் பிரிவின் நேரங்களை வரிசையாக அடுக்கி நடுவில் இருக்கும் நேரத்தை 'தர நேரம்' என்று அறிவித்துவிட்டு, அதைத் தொட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி. ஏறக்குறையப் பாதிப் பேருக்குக் கிடைக்கும். மீதிப் பாதிக்கு, தன் சொந்த நேரத்தை 0.3 விநாடியாவது குறைத்தால் ஒரு புள்ளி. 0.1 போதாதா? கையால் அமுக்கும் ஸ்டாப் வாட்சில் 0.2 விநாடி வரை பிசகு வரும். அதற்குள் அடங்கும் முன்னேற்றம் உண்மையா, கட்டைவிரல் செய்ததா என்று சொல்ல முடியாது. ஹவுஸ்களில் ஆள் எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டால் இந்தப் புள்ளிகளைச் சதவீதமாக்கிக் கூட்ட வேண்டும். ஒருவருக்கு இரண்டு தனிநபர் போட்டி, ஒரு ரிலே என்ற உச்சவரம்பும் கட்டாயம். நட்சத்திர வீரரின் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள். மண்டல அளவிலான போட்டிகளில் அவன் ஓட இடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்புங்கள்.

வள்ளுவர், கம்பர், இளங்கோ, பாரதி என்று ஹவுஸ் பெயர் எதுவாக இருந்தாலும், பிள்ளைகளைப் பிரிப்பது ரோல் நம்பர்படி நடந்தால் நாலு வருடம் ஒரே ஹவுஸ் கோப்பை வாங்கும். மற்ற மூன்றும் மனதளவில் ஒதுங்கிவிடும். ஆறாம் வகுப்பில் 50 மீட்டர் நேரத்தை வைத்து 1-2-3-4, அடுத்து 4-3-2-1 என்று பாம்பு வரிசையில் பங்கிட்டால் பலம் சமமாகும். அக்கா தம்பியை மட்டும் ஒரே ஹவுஸில் போடுங்கள்.

ஓடவே விரும்பாத பிள்ளைக்கு நிர்வாக வேலை இருக்கிறது. எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும்: ஸ்டார்ட்டருக்கு உதவி 2, வீரர்களை அழைத்து வரிசைப்படுத்தும் இடத்தில் 6, முடிவுக் கோட்டில் வரிசை பார்க்க 6, நேரம் எடுக்க 6, எழுத 2, நீளம் தாண்டுதல் குழியில் 5, குண்டு எறிதலில் 5, புள்ளிப் பலகை 2, தாள் கொண்டு ஓட 4, அறிவிப்பு 3, மூன்று தண்ணீர் இடங்களுக்கு 9, முதலுதவிக்கு 4, சாமான் தூக்க 6. அறுபது பேர். இவர்களுக்கு முந்தைய வாரம் முக்கால் மணி நேரப் பயிற்சி வேண்டும். முடிவுக் கோட்டில் தலையோ கையோ கணக்கில்லை, மார்பும் வயிறுமான நடு உடல் கோட்டுக்கு நேர் மேலான தளத்தைத் தொட்டால்தான் முடிவு. நேரம் எடுப்பவர் ஸ்டார்ட்டரின் கிளாப்பர் (தட்டிச் சத்தம் எழுப்பும் இரட்டைப் பலகை) மூடுவதைப் பார்த்து அமுக்க வேண்டும், சத்தத்தைக் கேட்டு அல்ல. ஒலி 100 மீட்டர் வந்து சேர ஏறக்குறைய 0.3 விநாடி ஆகிவிடும். நீளம் தாண்டுதலில் மணலில் பட்ட தடங்களில் தாண்டும் பலகைக்கு மிக அருகில் உள்ளதிலிருந்து அளக்க வேண்டும். பின்னால் கை ஊன்றியிருந்தால் அந்தக் கைத்தடத்திலிருந்து. இந்த மூன்றையும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஆசிரியர்களைவிட ஒழுங்காகச் செய்வார்கள். சி.பி.எஸ்.இ. 9 முதல் 12 வரை உடற்கல்வியில் 'சேவா' என்று ஒரு பகுதி வைத்திருக்கிறது. இந்த வேலையை அதில் காட்டலாம்.

அறிவிப்பாளருக்கு ஒரு வேண்டுகோள். கனிமொழி, யாழினி என்ற பெயர்களை ஒலிபெருக்கியில் சொல்ல இந்தி பேசும் பிள்ளை படாத பாடு படும்; தாளில் தேவநாகரியில் ஒலிப்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். பெயர் சரியாக அழைக்கப்பட்டால்தான் அந்தப் பிள்ளைக்கு அது தன் விழா.

இனி களம். கோடு தவறினால் மேலே சொன்னதெல்லாம் வீண். டெல்லியில் பெரும்பாலான பள்ளிகளில் 200 மீட்டர் டிராக்தான் போட முடியும். 40 மீட்டர் நேர்ப்பகுதி இரண்டு, அரைவட்டம் இரண்டு, உள்கோட்டின் ஆரம் 18.90 மீட்டர். முதலில் 40-க்கு 37.80 மீட்டர் செவ்வகம் போட்டு மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள், இரண்டும் 55.03 மீட்டர் வர வேண்டும். வராவிட்டால் செவ்வகம் கோணிக்கொண்டிருக்கிறது, வளைவு போடாதீர்கள். 1.22 மீட்டர் அகலத்தில் ஆறு லேனுக்கு மொத்தம் சுமார் 92.5-க்கு 52.5 மீட்டர் இடம் தேவை.

அதிகமாக நடக்கும் பிழை ஸ்டாகர், அதாவது வெளி லேன்களின் தொடக்கக் கோட்டை முன்னால் நகர்த்தும் தூரம். புத்தகத்தில் உள்ள அட்டவணை 400 மீட்டர் டிராக்குக்கானது. அங்கே 200 மீட்டர் ஓட்டத்தில் ஒரு வளைவுதான் வரும், லேனுக்கு 3.83 மீட்டர் (இரண்டாம் லேனுக்கு மட்டும் 3.52). உங்கள் டிராக்கில் அதே ஓட்டம் முழுச் சுற்று, இரண்டு வளைவு. விளிம்புக் கட்டை இல்லாமல் சுண்ணாம்புக் கோடு மட்டும் உள்ள டிராக்கில் லேனுக்கு 7.67 மீட்டர் முன்னால் நகர்த்த வேண்டும். ஆறாம் லேன் 38.33 மீட்டர். ஆரம் எவ்வளவாக இருந்தாலும் இந்த எண் மாறாது, லேன் அகலத்தை மட்டும் பொறுத்தது. லேன் ஒரு மீட்டர் என்றால் 6.28. அட்டவணையை அப்படியே எடுத்துப் போட்டால் ஆறாம் லேன் பிள்ளை ஏறக்குறைய 19 மீட்டர் கூடுதலாக ஓடும். தோற்றது ஏன் என்று அதற்குக் கடைசிவரை தெரியாது.

நேர் ஓட்டத்தில் முடிவுக் கோட்டுக்கு அப்பால் 15 மீட்டர் காலியாக இருக்கட்டும். மைதானம் 70 மீட்டர்தான் என்றால் 50 மீட்டர் ஓட்டம் வையுங்கள். 60 வைத்தால் பிள்ளை சுவரில் போய் மோதும். கோடு போட நீறாத சுண்ணாம்பு வேண்டாம், ஈரம் பட்டால் கண்ணையும் காலையும் பொசுக்கும். கடையில் 'கடியா மிட்டி' என்று கேட்டு வாங்குங்கள், அது வெறும் சாக் (chalk) தூள். கயிறு இழுத்தலில் நைலான் கயிறு கூடாது, கையில் சுற்றிக்கொள்ளவும் கூடாது. 1997-ல் தைபேயில் 1,600 பேர் இழுத்த கயிறு அறுந்து இரண்டு பேருக்குக் கை துண்டானது.

டிரில் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மாதம் பி.டி. பீரியடைப் பறித்து வளையம் சுழற்றக் கற்றுக்கொடுக்கிறார்கள். அந்த மாதம் முழுக்க அந்தப் பிள்ளைகள் பத்து மீட்டர்கூட ஓடுவதில்லை. ஒரு டிரில் போதும். கூட்டமாக ஆட வைக்க வேண்டுமென்றால் கோ-கோ இருக்கிறதே: அணிக்கு 12 பேர், களம் 27-க்கு 16 மீட்டர், செலவு இரண்டு கம்பம். 2025 ஜனவரியில் முதல் கோ-கோ உலகக் கோப்பையே டெல்லியில்தான் நடந்தது, ஆண்கள் பெண்கள் இரண்டு பிரிவிலும் இந்தியாதான் வென்றது. பிள்ளைகளுக்கு அந்த நினைவு இருக்கும்.

எட்டாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் விலகுவதற்கு ஆர்வக் குறைவைக் காரணம் சொல்லாதீர்கள். முதலில் சீருடையைப் பாருங்கள். வெள்ளைப் பாவாடை, வெள்ளை டிராக் பேண்ட் என்று விதி வைத்தால் மாதவிடாய் நாளில் எந்தப் பெண் பேர் கொடுப்பாள்? கருநீல டிராக் பேண்டை அனுமதியுங்கள், மைதானத்துக்கு அருகில் பூட்டு உள்ள ஒரு கழிப்பறையில் நாப்கினும் குப்பைத் தொட்டியும் வையுங்கள், பேர் வாங்கும் பொறுப்பை ஓர் ஆசிரியையிடம் கொடுங்கள். செலவு அற்பம். மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு விளையாட்டில் பங்கு என்பது 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே உள்ளது. அவர்களைத் தனியாகக் கைதட்டல் வாங்கவைக்காமல், கலப்பு ரிலேயில் ஒரு பகுதியைக் கொடுங்கள்.

தேதியில்தான் டெல்லி மற்ற ஊர்களிலிருந்து பிரிகிறது. நவம்பர், டிசம்பர் என்பது பழைய வழக்கம். 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், காற்று மாசு காரணமாக இந்தப் போட்டிகளைப் பாதுகாப்பான மாதங்களுக்கு மாற்றுவதைப் பரிசீலிக்கச் சொன்ன பிறகு அந்த ஆண்டு விழாக்கள் ஒத்திவைக்கப்பட்டன. மழை ஓய்ந்த செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம், இல்லையென்றால் சின்ன வகுப்புகளுக்குப் பிப்ரவரி கடைசி; பெரிய வகுப்புகளுக்கு அப்போது போர்டுத் தேர்வு. டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் உள்ள மந்திர் மார்க், ஆர்.கே.புரம் போன்ற இடங்களில் காற்றுக் கண்காணிப்பு நிலையங்களே இருக்கின்றன. பார்க்கும் முறை மட்டும் தெரிய வேண்டும்: அறிவிக்கப்படும் காற்றுத் தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரி, அந்த நேரத்து நிலைமை அல்ல. மணிவாரி அளவைப் பாருங்கள். குளிர்காலத்தில் விடியற்காலையில்தான் புகை தரையோடு படிந்திருக்கும், நண்பகலுக்கு மேல் கொஞ்சம் கலையும். காலை ஏழு மணி விழா அங்கே தவறான நேரம். எங்கள் வரம்பு: 200-ஐத் தாண்டினால் 600 மீட்டரும் ரிலேயும் கிடையாது, 300-ஐத் தாண்டினால் வெளியில் எதுவும் கிடையாது. இதை ஒரு மாதம் முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பந்தல்காரருக்கு முன்பணம் கொடுத்த பிறகு யாருக்கும் ரத்து செய்ய மனம் வராது. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் இன்ஹேலர் வகுப்புப் பையில் இருக்கக் கூடாது, கூடவே இருக்க வேண்டும்.

மார்ச் பாஸ்டில் மயங்கி விழுபவர்கள் பெரும்பாலும் முட்டியை விறைப்பாகப் பூட்டிக்கொண்டு அசையாமல் நின்றவர்கள். ரத்தம் காலில் தங்கிவிடுகிறது. காலையில் சாப்பிடாமல் வந்திருந்தால் இன்னும் சீக்கிரம். முட்டியைத் தளர்த்தி, ஷூவுக்குள் கால்விரலை அசைத்துக்கொண்டே நிற்கச் சொல்லுங்கள், பேச்சுகளைப் பத்து நிமிடத்துக்குள் முடியுங்கள். விழுந்தால் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்த வேண்டும், வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒரு நிமிடத்தில் தெளியவில்லை என்றால் அவசர உதவி எண் 112.

கோஷத்துக்கும் விதி உண்டு. "ஜீத்தேகா பாய் ஜீத்தேகா" என்று எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும். "செட்" சொன்னதிலிருந்து கிளாப்பர் அடிக்கும் வரை மட்டும் அமைதி. எதிரணிப் பெயர் சொல்லிக் கேலி செய்தால் ஹவுஸுக்கு இரண்டு புள்ளி கழிவு, கண்டிப்பாகக் கழிக்க வேண்டும். முடிவுக் கோட்டருகே உட்காரும் இடத்தை ஒரு மணிக்கு ஒரு ஹவுஸ் என்று மாற்றுங்கள்.

மறுநாள் காலை பிரேயருக்கு முன்பே, ஓடிய அத்தனை பேரின் நேரமும் வகுப்புவாரியாக நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும், ஹீட்டில் மட்டும் ஓடியவர்கள் உட்பட. முதல் மூன்று பெயரை மட்டும் ஒட்டினால் போர்டைப் பார்க்க யாரும் வர மாட்டார்கள். மூலத் தாள்களைத் தேதி போட்டு உடற்கல்வித் துறை பீரோவில் வையுங்கள். அடுத்த ஆண்டின் தர நேரம் அதிலிருந்துதான் வர வேண்டும்.