எத்தனை சிட்டிங், மேடம்?

மஞ்சப்பையில் இரண்டு இ.சி.ஜி., ஒரு எக்கோ, தைராய்டு ரிப்போர்ட். எல்லாம் நார்மல். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கணவரின் பைக்கில் வந்த அந்த அம்மா, பையை என் மேசையில் வைத்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "எத்தனை சிட்டிங் மேடம்?" (இரண்டு மூன்று பேரைக் கலந்துதான் இவரை எழுதுகிறேன். யாரென்று தேட வேண்டாம்.)

பஸ்ஸில் ஏறினால் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு முட்டுகிறது, இதோ செத்தோம் என்று தோன்றுகிறது. பாண்டி கோயிலுக்குப் போய்வந்தாகிவிட்டது, மந்திரித்தும் பார்த்தாகிவிட்டது. அதையெல்லாம் நான் குறை சொல்வதில்லை. முதலில் இருதய டாக்டரிடம் போனதும் சரிதான். உடம்பில் கோளாறு இல்லை என்று தெரிந்தால் என் வேலை சுலபம்.

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், பேச்சு வழியாக மனநலச் சிகிச்சை தருகிறவள். மதுரையில் பார்க்கிறேன். என்னிடம் ஊசியும் கிடையாது, மாத்திரைச் சீட்டும் கிடையாது. மாத்திரை தேவை என்று பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவேன். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே நடக்கும்.

முதல் நாள் ஐம்பது நிமிடம் போல ஆகும். பெரும்பாலும் நான்தான் கேட்பேன். எப்போது ஆரம்பித்தது, தூக்கம் எப்படி, பசிக்கிறதா, வீட்டில் யார் யார், குடிப்பழக்கம் உண்டா. "சாகணும்னு தோணியிருக்கா?" என்றும் நேராகவே கேட்பேன். இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடுவோமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஒருவராவது கேட்டார்களே என்று தோள் தளர்ந்து அழுதவர்களைத்தான் நான் பார்த்திருக்கிறேன். எல்லாவற்றையும் அன்றைக்கே கொட்ட வேண்டும் என்றும் இல்லை. "இதைப் பெறகு சொல்றேன்" என்றால் நான் தோண்டமாட்டேன்.

அந்தக் கணவர், "நானே சொல்லிர்றேன் மேடம், இவளுக்குச் சொல்லத் தெரியாது" என்றார். பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு, வெளியே உட்காரச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. போகும்போது "என்ன சொன்னா?" என்றார். "அவங்ககிட்டயே கேட்டுக்கங்க" என்றேன். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் இந்த ரகசியத்தை நோயாளியின் உரிமை என்றுதான் சொல்கிறது. விலக்கு உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் பேசாமல் இருக்க முடியாது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். இதை முதல் நாளே சொல்லிவிடுவேன்.

இன்னொரு எதிர்பார்ப்பு, தீர்ப்பு. மாமியாரோடு இருக்கலாமா, தனிக்குடித்தனம் போகலாமா, "நீங்களே சொல்லிருங்க" என்பார்கள். சொன்னால் அது பஞ்சாயத்து. நாளைக்கு அந்த வீட்டில் வாழப்போவது நான் இல்லையே.

இரண்டாவது, மூன்றாவது வாரம்தான் சிக்கல். உள்ளதைச் சொல்லிவிட்டுப் போனவர்களுக்கு அடுத்த இரண்டு நாள் பாரம் கூடியது போலவும் இருக்கலாம். மூடிவைத்ததைத் திறந்தால் அப்படித்தான். ஆனால் 'பேசிப் பேசி என்ன ஆச்சு' என்று பலர் அந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள். அப்புறம் போனை எடுப்பதில்லை, ஏதோ என்னிடம் கடன் வாங்கியவர் மாதிரி. பிடிக்கவில்லை என்றால் முகத்துக்கு நேரே சொல்லலாம், எனக்கு வருத்தம் இல்லை. வேறு ஆளிடம் போவதும் தப்பில்லை. புது ஆளிடம் போகிறவர்கள் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். கட்டணத்தையும் போனிலேயே கேட்டுவிடுங்கள், கூச்சம் வேண்டாம். கட்டுப்படியாகாவிட்டால் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரியில் தாங்க முடியவில்லை என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

சரி, எத்தனை சிட்டிங்? இந்த மாதிரிப் படபடப்புக்கு வாரம் ஒன்று வீதம் பத்துப் பன்னிரண்டு ஆகலாம் என்றேன். சின்ன வயதிலிருந்து சுமப்பது என்றால் மாதக்கணக்கு.

மூன்றாவது முறை அவரை ஒரு நிமிடம் வேகவேகமாக மூச்சு விடச் சொன்னேன், நானும் சேர்ந்து விட்டேன். (இருதயக் கோளாறோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் இதை வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.) தலை சுற்றியது, விரல் மரத்தது. "இதேதான் மேடம்!" என்று கத்தினார். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, அதில் வரும் சுற்றல்தான் இது, கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும். வாயால் சொன்னபோது தலையாட்டியவர், உடம்பில் பார்த்தபோதுதான் நம்பினார்.

அப்புறம் வீட்டுப்பாடம். ஒரு நோட்டில் படியாக எழுதினோம். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டில் சும்மா நிற்பது. நிற்கும் பஸ்ஸில் ஏறி உட்கார்வது. கணவரோடு செக்கானூரணி வரை. பிறகு தனியாக மதுரை ஆரப்பாளையம் வரை. படபடப்பு வந்தால் பாதியில் இறங்கக் கூடாது என்பது மட்டும்தான் கண்டிப்பு. இறங்கினால், இறங்கியதால்தான் பிழைத்தோம் என்று மனசு கணக்கு வைத்துக்கொள்ளும். நான்காவது வாரம் இறங்கித்தான் விட்டார். மறுபடியும் ஒரு படி கீழே போய் ஆரம்பித்தோம்.

ஒன்பதாவது முறை தனியாக வந்தார். பஸ்ஸில் படபடப்பு வந்ததா என்று கேட்டேன்.

"செக்கானூரணி தாண்டுனதும் வந்துச்சு மேடம். உக்காந்தே இருந்தேன். நாகமலை வர்றதுக்குள்ள போயிருச்சு."