ஆழம் இல்லாத ஏரிக்குத்தான் காற்றைப் பார்த்தால் பயம்

ஆழம் குறைந்த ஏரிதானே, பெரிதாக என்ன ஆகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். அமெரிக்காவில் ஃபுளோரிடாவின் ஓகிசோபி ஏரிக்குப் பரப்பு சுமார் 1,900 சதுர கிலோமீட்டர், சராசரி ஆழமோ 3 மீட்டர்கூட இல்லை. 1928 செப்டம்பர் 16 அன்று அடித்த புயலில் அந்த ஏரி தெற்குக் கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்து குறைந்தது 2,500 பேரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் வயல்வேலைக்கு வந்திருந்த கறுப்பினத் தொழிலாளர்கள்.

முதலில் அலையைப் பார்ப்போம். மேலே அலை ஓடும்போது அடியில் நீர் வட்டம் வட்டமாகச் சுழல்கிறது. அந்தச் சுழற்சி ஏறக்குறைய அலைநீளத்தில் பாதி ஆழம் வரை இறங்கும். ஆழ்கடலில் அதற்குத் தடை கிடையாது. ஓகிசோபியிலோ கொஞ்சம் பெரிய அலை வந்தாலே தரை தட்டிவிடும், வட்டம் நசுங்கிப்போகும், அலையின் வேகமும் குறைந்துவிடும். 2.7 மீட்டர் ஆழத்தில் எந்த அலையும் மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டரைத் தாண்டி ஓட முடியாது. காற்று எவ்வளவுதான் விரட்டினாலும் அலை ஓரளவுக்கு மேல் உயராமல் குட்டையாக, செங்குத்தாக, ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கிக்கொண்டு வந்து உடையும், படகுக்காரர்களைப் படாதபாடு படுத்துவது இந்த அலைதான்.

சரி, அலைதான் பெரிதாக வளராதே, பிறகு எப்படி அத்தனை பேர் செத்தார்கள்? ஏரி முழுவதும் ஒரு பக்கமாகச் சாய்ந்ததால்தான். காற்று மேல்நீரை இழுத்துப்போய் எதிர்க்கரையில் குவிக்கிறது. ஆழமான ஏரி என்றால் அந்த நீர் அடிவழியாகத் திரும்பி வர நிறைய இடம் இருக்கும், கொஞ்சம் சாய்ந்தாலே காற்றின் இழுப்புக்கு ஈடாகிவிடும். ஆழம் பாதியானால் சாய்வு இரண்டு மடங்கு, காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் சாய்வு நான்கு மடங்கு. இதில் அலைக்கும் பங்கு உண்டு: வழுவழுப்பான நீர்ப்பரப்பைவிட அலையால் சொரசொரப்பான பரப்பைக் காற்று நன்றாகப் பற்றி இழுக்கும், அதாவது காற்று உண்டாக்கிய அலையே அடுத்து வரும் காற்றுக்குப் பிடிமானம் ஆகிறது.

அன்று முதலில் வீசியது வடகாற்று. தெற்கே குவிந்த நீரைத் தடுக்க அங்கே இருந்தது தாழ்வான மண்கரை மட்டும்தான். புயலின் கண் கடந்ததும் காற்று திசை மாறியது, ஏரி மறுபக்கம் சாய்ந்து வடகரையையும் மூழ்கடித்தது. இன்று ஏரியைச் சுற்றி நிற்கும் ஹெர்பர்ட் ஹூவர் அணை இந்தப் பேரழிவுக்குப் பிறகு வந்ததுதான்.

புயல் வராத நாளிலும் காற்றின் வேலை நிற்பதில்லை. தரை தொடும் அலைகள் அடிச்சேற்றைக் கிளப்பி, அதில் படிந்திருக்கும் பாஸ்பரஸை நீரில் கலக்கின்றன. நீர் கலங்கினால் வெயில் உள்ளே இறங்காது, நீருக்கடியில் வளரும் செடிகள் பட்டுப்போகும். அந்தச் செடிகள்தான் அலையின் வேகத்தை அடக்கிச் சேற்றையும் பிடித்து வைத்திருந்தவை, அவை போய்விட்டால் அப்புறம் சாதாரணக் காற்றே ஏரியைக் கலக்கப் போதும்.