ஆக்டிவ் லேர்னிங்: செயல்வழிக் கற்றல் இல்லை, வேறு

சென்னையில் அறிவியல் ஆசிரியர்களுக்காக நடக்கும் பயிலரங்குகளின் அழைப்பிதழைப் பிரித்தால் தலைப்பு கிட்டத்தட்ட ஒன்றேதான்: 'தொழில்நுட்பமும் செயல்வழிக் கற்றலும்'. உள்ளே பேசப்படுவதோ ஆக்டிவ் லேர்னிங். ஆக்டிவ் லேர்னிங்குக்குச் 'செயல்வழிக் கற்றல்' என்ற இந்தப் பெயர்ப்பு இத்தனை பேர் கைமாறி வந்துவிட்டது. தவறு என்று சொல்பவரைத்தான் இப்போது விநோதமாகப் பார்க்கிறார்கள். இருந்தாலும் தவறு தவறுதான்.

'ஆக்டிவ்' என்பதன் வேர் பெரிய புதிர் இல்லை. இலத்தீனில் 'அகெரெ' என்றால் ஓட்டு, இயக்கு, செய். அதிலிருந்து 'ஆக்டஸ்', 'ஆக்டிவஸ்', பிறகு பிரெஞ்சு வழியாக ஆங்கிலம். இலக்கணத்தில் இதே சொல்லுக்கு நம்மிடம் 'செய்வினை' உண்டு. ஆனால் 'செய்வினைக் கற்றல்' என்று பதாகை கட்டினால் எலுமிச்சம்பழத்தோடு வருவார்கள். ஆகவே அது வேண்டாம்.

கல்வித் துறையில் இந்தத் தொடருக்கு அதிகம் எடுத்தாளப்படும் வரையறை 1991இல் அமெரிக்கக் கல்வியாளர்கள் பான்வெல், ஐசன் இருவரும் தந்தது. மாணவர்களை எதையாவது செய்யவைப்பதும், தாங்கள் செய்வதைப் பற்றி அவர்களையே யோசிக்கவைப்பதும்தான் அது. இதில் இரண்டு பாதி இருக்கிறது. தமிழுக்கு வரும்போது முதல் பாதி மட்டும் ரயிலேறியது. யோசிப்பது நடைமேடையிலேயே நின்றுவிட்டது.

'செயல்வழிக் கற்றல்' நல்ல தமிழ்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் இருப்பதுதான் சிக்கல். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போன முறை அது. ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியின் அட்டை முறையிலிருந்து கிளைத்தது. பாடங்களைப் படிப்படியாகக் காட்டும் கற்றல் ஏணி, சின்னம் போட்ட அட்டைகள், பிள்ளைகள் வரைந்ததைத் தொங்கவிடும் கம்பிப்பந்தல், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறும். ஆங்கிலத்தில் அதற்கு ஆக்டிவிட்டி பேஸ்டு லேர்னிங் என்று பெயர். ஆக்டிவிட்டி வேறு, ஆக்டிவ் வேறு. ஆங்கிலத்தில் ஓர் ஒட்டுதான் வித்தியாசம், பொருளில் வித்தியாசம் பெரிது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. அதே காலத்தில் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை ஆக்டிவ் லேர்னிங் மெதடாலஜி வந்தது. அதற்குத் தமிழில் சூட்டிய பெயர் 'படைப்பாற்றல் கல்வி'. பாடத்தைப் படித்து, மனவரைபடம் போட்டு, தொகுத்து எழுதும் முறை அது. இதில் எதைப் படைத்தார்கள் என்று கேட்டால் பதில் கிடையாது. கிரியேட்டிவிட்டிக்கு ஒதுக்கி வைத்திருந்த சொல்லை எடுத்து இங்கே செலவழித்துவிட்டோம். கிரியேட்டிவிட்டி பற்றி எழுத வருபவருக்கு மிச்சம் எதுவும் இல்லை.

பெயர் எதுவானால் என்ன என்பவர்கள் பிளஸ் டூ வேதியியல் செய்முறைக்குப் போய் நின்று பார்க்கலாம். பிப்பெட்டில் 20 மிலி இரும்புக் கரைசல், கூம்புக் குடுவை, அதே அளவு நீர்த்த கந்தக அமிலம், பியூரெட்டில் பெர்மாங்கனேட். வெளிர் இளஞ்சிவப்பு நிலைத்ததும் அளவீடு. கை, கண், கால் எல்லாம் வேலை செய்கின்றன. முதல் அளவீடு வந்ததும் இரண்டாவதை அதற்கு ஒத்துவரும்படி எழுதிக்கொள்வது ஊரறிந்த வழக்கம். அமிலம் எதற்கு, அது குறைந்தால் ஏன் பழுப்பு வீழ்படிவு வருகிறது என்று கேட்டால் மௌனம். இது முழுக்க முழுக்கச் செயல்வழி. ஆக்டிவ் லேர்னிங் இதில் ஒரு சொட்டும் இல்லை.

இப்போது எதிர்ப்பக்கம். மேசையில் ஒரு எலக்ட்ரானிக் தராசு, அதன் மேல் பாதி நீர் நிரப்பிய கண்ணாடிக் குவளை. ஆசிரியர் கேட்கிறார்: அடியையோ பக்கத்தையோ தொடாமல் விரலை நீரில் நனைத்தால் தராசு காட்டுவது கூடுமா, குறையுமா, மாறாதா? ஒரு நிமிடம் யாரும் பேசக்கூடாது. பிறகு ஆளுக்கொரு விடை. சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதம். மறுபடி விடை. கடைசியில்தான் விரல் நீருக்குள் போகிறது. விரல் 10 மிலி நீரை விலக்கினால் தராசு 10 கிராம் கூடக் காட்டும். நீர் விரலை மேலே தள்ளினால் விரல் நீரைக் கீழே தள்ளித்தானே ஆக வேண்டும். விரலை நனைத்தவர் ஆசிரியர் ஒருவர்தான், மாணவர்கள் பெஞ்சைவிட்டு எழவே இல்லை. ஆனாலும் ஆக்டிவ் லேர்னிங்குக்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு கிடைக்காது. ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் கையாண்ட முறை இதுதான்.

இது கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவைதான். கையைத் தூக்கச் சொன்னால் வகுப்பில் முதல் மதிப்பெண் எடுப்பவரைப் பார்த்துத்தான் மற்ற கைகள் எழும்பும். முதல் சுற்று முடிவைத் திரையில் காட்டிவிட்டால் பெரும்பான்மைப் பக்கம் எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள், வாதம் செத்துவிடும். விடையை அழுத்திப் பதிவுசெய்யும் பொத்தான் கருவி இல்லாத பள்ளியில் ஆளுக்கொரு அட்டை போதும்: திருப்பிப் பிடிக்கும் திசைதான் விடை, ஆசிரியரின் கைபேசி கேமரா அதைப் படித்துக்கொள்ளும், பக்கத்து மாணவருக்குப் புரியாது.

பழைய பெயர்ப்பால் வரும் கேடு ஆய்வுகளைத் தமிழில் சொல்லும்போதுதான் முழுதாகத் தெரியும். 2014இல் ஃப்ரீமன் குழுவினர் 225 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் 33.8 விழுக்காட்டினர் தேறவில்லை. ஆக்டிவ் லேர்னிங் வகுப்புகளில் 21.8. அத்தனையும் கல்லூரி அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள். 'செயல்வழிக் கற்றலால் தோல்வி குறைகிறது' என்று இதைத் தமிழாக்கினால், இரண்டாம் வகுப்பு அட்டை முறைக்கு அமெரிக்காவில் சான்றிதழ் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அதை வைத்து வாக்குவாதம் செய்வார்கள், இருவருமே வேறு எதையோ பற்றிப் பேசிக்கொண்டு. 1998இல் அமெரிக்க இயற்பியலாளர் ஹேக் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் இயற்பியல் தேர்வுகளை ஒப்பிட்டபோது, தாம் எந்த வகை வகுப்பைச் சொல்கிறோம் என்பதை அளந்துதான் எழுதினார்: தலைக்கு வேலை எப்போதும், கைக்கு வேலை பெரும்பாலும். நம் பெயர்ப்பு இதைத் தலைகீழாக்குகிறது.

தொழில்நுட்பம் சேர்ந்ததும் குழப்பம் இரட்டிப்பாகிறது. ஆப் என்பதற்குச் 'செயலி' நிலைத்துவிட்டது. விளைவு: 'செயல்வழிக் கற்றல்', 'செயலிவழிக் கற்றல்' என்று ஓரெழுத்து வித்தியாசத்தில் இரண்டு தொடர்கள். மெய்ப்புப் பார்ப்பவர் கண் சற்று அயர்ந்தால் ஒன்று மற்றதாகிவிடும். ஸ்மார்ட் போர்டில் மின்சுற்றுக் காணொளி ஓட்டுவதும் ஆக்டிவ் லேர்னிங் என்று சொல்லப்படுவதற்கு இந்தச் சொல் மயக்கமும் ஒரு காரணம். காணொளி பார்ப்பது விரிவுரை கேட்பதுதான், வண்ணத்தோடு. அதே மின்சுற்றை, ஃபெட் என்னும் கணினிப் பாவனையில் மாணவரே கட்டட்டும். மூன்றாவது பல்பைச் சேர்க்கும் முன் மற்ற இரண்டும் மங்குமா என்று எழுதிவைக்கட்டும். பிறகு சேர்த்துப் பார்க்கட்டும். அது வேறு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், பாவனையில் பழகியவர்கள் நிஜக் கம்பி, பல்பு கொடுத்தபோதும் சோதனைக்கூடத்தில் பழகியவர்களைவிட நன்றாகவே சுற்றைக் கட்டினார்கள்.

சரி, மாற்று என்ன? 'சுறுசுறுப்பான கற்றல்' எறும்புக்குச் சரி. 'செயலூக்கக் கற்றல்' ஊக்கம் கொடுப்பதாகத் திசைமாறும்; ஊக்குவிப்பு மோட்டிவேஷனின் இடம். 'பங்கேற்றுக் கற்றல்' பரவாயில்லை, ஆனால் குழுவில் உட்கார்ந்து தலையாட்டுவதும் பங்கேற்புதான். 'முயன்று கற்றல்' எனக்குப் பிடிக்கும். உளவியல் பாடநூல்களில் 'முயன்று தவறிக் கற்றல்' முன்பே வேறு பொருளில் உட்கார்ந்திருப்பதால் கைவிட வேண்டியதாகிறது. இயந்திர மொழிபெயர்ப்பு தரும் 'செயலில் கற்றல்' பற்றி என்ன சொல்ல? சிம் கார்டு செயலில் உள்ளது, திட்டம் செயலில் உள்ளது, கற்றலும் செயலில் உள்ளது. ரீசார்ஜ் முடிந்தால் நின்றுவிடும் போல.

என் பரிந்துரை 'முனைந்து கற்றல்'. முனைதல் என்றால் மனம் ஒன்றி முயலுதல். உடல் ஓடினாலும் உட்கார்ந்திருந்தாலும் பொருந்தும். பாடுபடுகிற உணர்வும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அது தேவையும்கூட: 2019இல் ஹார்வர்டு இயற்பியல் வகுப்புகளில் வந்த முடிவுப்படி, இப்படிப் படித்தவர்கள் தேர்வில் அதிகம் பெற்றும், குறைவாகவே கற்றதாக நினைத்தார்கள். தெளிவான விரிவுரை கேட்டவர்களுக்கோ எல்லாம் புரிந்த மாதிரி இருந்தது. மண்டை வலிப்பதைப் புரியாமைக்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். பெயரிலேயே முனைப்பு இருந்தால் மாணவருக்கு முன்கூட்டியே சொன்னதாகும்.

பழந்தமிழில் இல்லாத சங்கதியும் இல்லை இது. ஆசிரியர் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் தேறும். உடன் படிப்பவரோடு பயின்றால் இன்னொரு கால். பிறருக்கு எடுத்துச் சொன்னால் மீதி அரை என்று நன்னூலின் பொதுப்பாயிரம் கணக்குப் போடுகிறது. உடனே மார்தட்ட வேண்டாம். நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் அளந்து பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் 'பயில்' என்ற சொல்லை அவர் கையாண்ட விதம் கச்சிதம். இன்றைக்குப் பயிற்சி என்றால் டிரெய்னிங் என்று ஆகிவிட்டதால்தான் 'பயின்று கற்றல்' என்று சொல்ல முடியவில்லை.

'முனைந்து' என்பது வினையெச்சம், தலைப்பில் வைக்க முடியாது என்று ஒரு நண்பர் சொல்லக்கூடும். 'முயன்று தவறிக் கற்றல்' எச்சத்தோடுதான் அரை நூற்றாண்டுக்கு மேல் பாடநூலில் ஓடுகிறது. பெயராகத்தான் வேண்டுமென்றால் 'முனைவுக் கற்றல்'. கணினியைத் தரவிலிருந்து கற்கவைக்கும் இயந்திரக் கற்றலிலும் ஆக்டிவ் லேர்னிங் உண்டு. எந்தத் தரவுக்கு மனிதர் பெயரிட வேண்டும் என்று நிரலே தேர்ந்து கேட்பது அது. அங்கே முனைப்பும் இல்லை, மண்டைவலியும் இல்லை. அதற்குத் 'தேர்ந்து கேட்டுக் கற்றல்' போதும்.