தாயாதி: தாய் வழி உறவா?

சோழர், பாண்டியர் காலத்துச் சரித்திர நாவல்களில் அடிக்கடி கண்ணில் படும் சொல் ‘தாயாதி’. தாயாதிப் பகை, தாயாதிச் சண்டை என்று வரும். சொல்லுக்குள் ‘தாய்’ இருப்பதால் தாய் வழி உறவு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது தந்தை வழி உறவு.

வடமொழியில் ‘தாயம்’ என்றால் பங்கு, பரம்பரையாக வரும் உரிமை. அதைப் பெறுகிறவன் ‘தாயாதன்’. அதுதான் தமிழில் தாயாதி ஆனது. தெலுங்கிலும் கன்னடத்திலும்கூட இந்தச் சொல் உண்டு.

தாயம் வெகு முன்பே தமிழுக்குள் வந்துவிட்டது. பகைவர் சிறையிலிருந்து மீண்ட கரிகாலன் ‘உருகெழு தாயம் ஊழின் எய்தி’ ஆண்டதாகப் பட்டினப்பாலை பாடுகிறது. இங்கே தாயம் என்பது அரசுரிமை. பொருநராற்றுப்படை அவனையே ‘தாய்வயிற் றிருந்து தாயம் எய்தி’ என்கிறது. தாயும் தாயமும் ஒரே அடியில் ஒட்டி நின்றாலும் இரண்டும் வேறு.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? பங்காளி. பகு, பங்கு, பங்காளி. பங்கு உடையவன் என்று தாயாதியின் பொருளை அப்படியே தருகிற சொல். வரப்புத் தகராறுக்குத்தான் இது பொருந்தும், அரண்மனைக்கு எடுபடாது என்று சிலர் தயங்குகிறார்கள். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை.

சோழர் குடும்பத்தையே பாருங்கள். முதலாம் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் 949இல் தக்கோலப் போரில் இறந்தான். பட்டம் அவன் தம்பி கண்டராதித்தனுக்கு வந்தது. அவனுக்குப் பின் அவன் மகன் உத்தமனுக்குப் போகாமல் இன்னொரு தம்பி அரிஞ்சயனுக்கும், அப்புறம் அரிஞ்சயன் மகன் சுந்தர சோழனுக்கும் போனது. உத்தமனும் சுந்தர சோழனும் அண்ணன் தம்பி பிள்ளைகள், அதாவது அசல் பங்காளிகள். நிலமாக இருந்தால் ஆளுக்குப் பாதி அளந்து கொடுத்திருக்கலாம். அரியணையை எப்படி அளப்பது? சுந்தர சோழனுக்குப் பின் உத்தமன் ஆண்டான். சுந்தர சோழன் மகன் ராஜராஜன் 985இல்தான் பட்டத்துக்கு வந்தான். இந்த இழுபறியின் உள்வேக்காட்டைச் சொல்ல ‘பங்காளிக் காய்ச்சல்’ என்ற நம் வழக்கைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அரியணைக்கு வருகிறவரை எல்லாம் தாயாதி என்று எழுதிவிடக் கூடாது. 1070இல் சோழ நாட்டு அரசனான முதலாம் குலோத்துங்கன் கீழைச் சாளுக்கியன். அவன் தாய் அம்மங்கை, முதலாம் ராஜேந்திரனின் மகள். அவனுக்கு முன் ஆண்ட அதிராஜேந்திரனோ அதே ராஜேந்திரனின் மகன் வயிற்றுப் பேரன். ஆக, குலோத்துங்கன் அவனுக்கு அத்தை மகன். தாய் வழியாக வந்த அவன் தாயாதி இல்லை, மச்சான் முறை.