பழுப்பு ஜாஸ்பர்: பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், விளிம்பைப் பார்த்து வாங்குங்கள்

பழுப்பு ஜாஸ்பர் விலை உயர்ந்த கல் அல்ல. அதனால் யாரும் அதைச் சோதித்து வாங்குவதில்லை. சோதிக்க ஆளில்லாததால்தான் ஜாஸ்பர் என்ற பெயரில் எந்தக் கல்லையும் விற்றுவிட முடிகிறது. ரத்தினக் கற்களைச் சோதிப்பதே தொழிலாகக் கொண்ட எனக்கு இது உறுத்தலாகவே இருக்கிறது.

ஜாஸ்பர் அடிப்படையில் குவார்ட்ஸ்தான், அதாவது சிலிக்காவாலான கனிமம். ஆனால் அதன் படிகங்கள் உருப்பெருக்கியிலும் தெரியாத அளவுக்கு நுண்ணியவை. சிலிக்கா கரைந்த நீர் எரிமலைச் சாம்பலிலும் வண்டல் படிவுகளிலும் ஊறி, இடுக்குகளை நிரப்பி, துகள்களைப் பிணைத்து இறுகிவிடுகிறது. எரிமலைச் சாம்பலில் கண்ணாடித் துகள்கள் நிறைய உண்டு. அவை கரைந்தே இதற்கு வேண்டிய சிலிக்கா கிடைத்துவிடும். படிவிலிருந்த களிமண்ணும் இரும்புச் சேர்மங்களும் உள்ளேயே சிக்கிக்கொள்கின்றன. இந்தக் கலப்பு 20 சதவீதம் வரைகூட இருக்கலாம். ஒளி புகாமல் தடுப்பதும் நிறம் தருவதும் அதுதான். நீர் சேர்ந்த இரும்புக் கனிமமான கோயத்தைட் இருந்தால் மஞ்சளும் பழுப்பும் வரும். நீர் சேராத இரும்புக் கனிமமான ஹெமடைட் இருந்தால் சிவப்பு. பழுப்புக் கல்லைச் சுமார் 300 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் கோயத்தைட்டிலிருந்து நீர் வெளியேறி, கல் செந்நிறமாகிவிடும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் வாழ்ந்த பூர்வகுடிகள் அங்குள்ள மஞ்சள்-பழுப்பு ஜாஸ்பரைப் பல சமயம் நெருப்பில் பதப்படுத்திவிட்டுச் செதுக்கிக் கருவிகள் செய்தார்கள். வெந்த கல் சீராகச் சில்லு பெயரும் என்பதை அனுபவத்தில் கண்டவர்கள் அவர்கள்.

இனி, அடையாளம் காண்பது. கல்லின் மெல்லிய விளிம்பை டார்ச் விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். விளிம்பில் தேன் நிறத்தில் வெளிச்சம் கசிந்தால் அது பெரும்பாலும் ஒளி கசியும் குவார்ட்ஸ் வகையான அகேட்; சிறிதும் கசியாவிட்டால் ஜாஸ்பராக இருக்கலாம். அடுத்து, கல்லின் பின்புறத்தில் எஃகுக் கத்தி முனையை அழுத்தி இழுங்கள். சாம்பல் நிறக் கோடு ஒன்று விழும். கல் கீறிவிட்டதென்று பலர் பதறுவார்கள். ஈர விரலால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள், அழிந்துவிடும்; அது கத்தியிலிருந்து தேய்ந்த உலோகம். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவில் ஜாஸ்பரின் கடினத்தன்மை 6.5 முதல் 7 வரை. சாதாரண எஃகுக்கு அது மசியாது. கோடு பள்ளமாகவே நின்றால் அது மென்மையான வேறு கல். நீர்த்த அமிலத்தில் நுரைத்தால் சுண்ணாம்பு வகை. லென்ஸில் காற்றுக்குமிழ் தெரிந்தால் கண்ணாடி. அசிட்டோன் தோய்த்த பஞ்சில் நிறம் ஒட்டினால் சாயம் ஏற்றியது. அளவைப் பார்த்து எதிர்பார்த்ததைவிடக் கையில் இலகுவாக இருந்து, தொட்டால் குளிர்ச்சியும் இல்லையென்றால், கல்தூளைப் பிசினில் குழைத்து வார்த்ததாக இருக்கலாம்.

வணிகப் பெயர்களில்தான் குழப்பம் அதிகம். ‘டால்மேஷன் ஜாஸ்பர்’ ஜாஸ்பரே அல்ல. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பாறை. ‘லெப்பர்ட்ஸ்கின் ஜாஸ்பர்’ என்பது ரையோலைட் என்ற எரிமலைப் பாறை. இவற்றால் பணம்தான் வீணாகும். ஆனால் இந்தோனேசியாவிலிருந்து வரும் ‘பம்பிள்பீ ஜாஸ்பர்’ விஷயத்தில் கவனம் தேவை. சுண்ணாம்புக் கனிமமான கால்சைட் மிகுந்த அந்தக் கல்லில் கந்தகமும் நச்சான ஆர்செனிக்கும் சேர்ந்த கனிமங்கள் உண்டு. கற்களை ஊறவைத்த நீரைக் குடித்தால் நோய் தீரும் என்று சொல்கிறார்கள். அதற்கு அறிவியல் சான்று எதுவும் இல்லை. ஜாஸ்பர் என்ற பெயரை மட்டும் நம்பி அப்படிக் குடிப்பவர் விஷத்தைக் குடிக்கவும் நேரலாம்.

உண்மையான பழுப்பு ஜாஸ்பர் உழைக்கும் கல். ஒளி புகாததால் முகப்புப் பட்டைகள் வெட்டிப் பயனில்லை. மேடான வழவழப்பு வடிவில் தீட்டி மோதிரத்திலும் பதக்கத்திலும் பதிப்பார்கள். மணிகள், முத்திரைகள், கல்பதிப்பு ஓவியங்கள் ஆகியவற்றுக்கும் ஏற்றது. அமெரிக்காவின் ஓரிகான், ஐடஹோ பகுதிகளில் கிடைக்கும் ‘பிக்சர் ஜாஸ்பர்’ எனக்கு மிகவும் பிடித்தது. இரும்பு கலந்த நீர் ஊறிய தடங்களே அதில் மலைத்தொடராகவும் மணல்மேடாகவும் தெரியும். எங்கே வெட்டினால் காட்சி முழுமையாக வரும் என்று கணிப்பதில்தான் வெட்டுபவரின் திறமை இருக்கிறது.

வீட்டிலேயே கல் வெட்டிப் பழகுபவர்களிடம் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஜாஸ்பரை உலர்வாக அறுக்காதீர்கள். அந்தத் தூசியிலுள்ள படிகச் சிலிக்கா நுரையீரலில் தழும்பேற்றி சிலிக்கோசிஸ் நோயைத் தரும். அது குணமாகாத நோய், புற்றுநோய் அபாயமும் உண்டு. அறுக்கும் வாள் மீதும் சாணை மீதும் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். துணி முகக்கவசம் போதாது. நுண்துகளைத் தடுக்கும் சுவாசக் கவசம் அணியுங்கள். மேசையில் படிந்த சேற்றைக் காயவிட்டுப் பெருக்காமல், ஈரமாக இருக்கும்போதே துடைத்து அப்புறப்படுத்துங்கள்.