‘வானொலிப் புரளி’: யார் எதைப் புரட்டியது?

மருமகனின் டியூசன் குறிப்பில் நேற்று அது மூன்றாம் தடவையாகக் கண்ணில் பட்டது. “1938இல் அமெரிக்காவில் ஒலிபரப்பான செவ்வாய்க் கிரக வானொலிப் புரளி பொதுமக்களிடையே பெரும் பீதியை ஏற்படுத்தியது.” போன மாதம் ஒரு பத்திரிகையின் ஞாயிறு இணைப்பிலும் இதே சொல். அதற்கு முன்னர் மட்டக்களப்பில், கல்லடியில் ஒரு கூட்டத்தில், ஒலிவாங்கியைப் பிடித்தவர் ‘உலகப் புகழ்பெற்ற புரளி’ என்று அழுத்தி அழுத்திச் சொன்னார். இரண்டு தடவை பேசாமல் இருந்துவிட்டேன். மூன்றாவது, வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

நடந்தது என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம். 1938 ஒக்ரோபர் 30, ஞாயிறு இரவு 8 மணி. நியூயோர்க்கில் ஓர்சன் வெல்ஸ் என்ற 23 வயது இளைஞர் தன் நாடகக் குழுவோடு ஒரு நாடகம் ஒலிபரப்பினார். எச். ஜி. வெல்ஸ் 1898இல் வெளியிட்ட நாவலை எடுத்து, செவ்வாயிலிருந்து வந்தவர்கள் பூமியைத் தாக்கும் கதையை அமெரிக்காவுக்கு மாற்றியிருந்தார்கள். (நாவல்காரரும் வெல்ஸ், நாடகக்காரரும் வெல்ஸ். ஆங்கிலத்தில் எழுத்து வேறு. தமிழில் ஒன்றாகிவிடுவதால் இருவரையும் ஒரே ஆளாக்கிவிடுகிறவர்களும் உண்டு.) தொடக்கத்திலேயே இது நாடகம், இன்னாருடைய கதை என்று அறிவித்தார்கள். அப்புறம் வானிலை அறிக்கை, ஒரு ஹோட்டலிலிருந்து நடன இசை. இசையை நிறுத்தி நிறுத்திச் செய்தி அறிக்கைகள். செவ்வாயில் வெடிப்புகள் தெரிந்தன, நியூஜேர்சியில் குரோவர்ஸ் மில் என்ற சிற்றூரில் ஏதோ விழுந்திருக்கிறது, நிருபர் அங்கே நிற்கிறார், ஏதோ வெளியே வருகிறது என்று போய், திடீரென்று ஒலிவாங்கி செத்துவிடும். சில விநாடி சத்தமே இல்லை. றேடியோவில் அந்த மௌனம் எவ்வளவு பெரியது என்பது, மின்சாரம் இல்லாத இராத்திரியில் பற்றரி றேடியோவைச் சுற்றி இருந்த எங்கள் தலைமுறைக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

தொடக்க அறிவிப்புக்குப் பிந்தி வந்து கேட்டவர்களில் பலர் அதை உண்மைச் செய்தி என்று எடுத்துக்கொண்டார்கள். இதுதான் சங்கதி.

இனி, சொல். புரள் என்ற வினையிலிருந்து வந்தது புரளி. புரள்வது தானாக நடப்பது, புரட்டுவது ஒருவர் செய்வது. புரட்டு, புரட்டன் எல்லாம் இந்தக் குடும்பம்தான். பழைய அகராதிகள் புரளிக்குப் பொய், வஞ்சனை, குறும்பு, கலகம் என்று பொருள் சொல்கின்றன. யாழ்ப்பாணப் பக்கம் பிள்ளை குழப்படி செய்தால் ‘பிரளி’ என்பார்கள், அதுவும் இதுதான். பொருள் எதுவானாலும் புரளிக்கு ஒரு கர்த்தா வேண்டும். தெரிந்துகொண்டே பொய்யைக் கிளப்பிவிட்ட ஒருவன் வேண்டும். பாடசாலைக்குக் குண்டு வைத்திருப்பதாகத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறானே, அவன் செய்வது புரளி. அதில் எனக்கு ஒரு வழக்கும் இல்லை.

வதந்தி வேறு. அது வடமொழி, ‘சொல்கிறார்கள்’ என்பதுதான் அதன் மூலப் பொருள். வதந்திக்குக் கர்த்தா தேவையில்லை, வாய்கள் போதும். 2011 ஓகஸ்டில் எங்கள் கிழக்கு மாகாணம் முழுக்கக் கிறீஸ் பூதம் அலைந்ததே, உடம்பெல்லாம் கிறீஸ் பூசிக்கொண்டு இராத்திரியில் வருகிறான் என்று, அதை யார் முதலில் சொன்னார் என்று கேட்டால் எல்லோரும் பக்கத்து ஊரைத்தான் காட்டினார்கள்.

1938 நாடகம் இந்த இரண்டிலும் சேராது. வெல்ஸ் பொய்யைக் கிளப்பிவிடவில்லை, நாடகம் என்று சொல்லிவிட்டுத்தான் தொடங்கினார். வாய்வழியாகப் பரவியதும் அல்ல, நேரே காதுக்குப் போனது. அப்படியானால் பெயர் என்ன?

இங்கேதான் தமிழார்வம் மிக்க நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், உள்ளே வருகிறார். புரளி பிழை என்று ஒப்புக்கொண்டார். ‘போலிச் செய்தி’ என்று எழுதலாமே என்றார். நான் மறுத்தேன். போலிச் செய்தி என்பது இன்றைக்குக் கைத்தொலைபேசியில் வந்து விழுகிற குப்பைக்கு வைத்த பெயர். உள்நோக்கத்தோடு செய்தி போலச் சமைத்தது. அதை 1938க்குப் போட்டால் புரளியை வாசலால் அனுப்பிவிட்டுப் பின்கதவால் கூட்டிவந்த மாதிரி.

அவர் விடவில்லை. இரண்டு நாள் கழித்து, ‘செய்திப்போலி’ என்று மாற்றிக்கொண்டு வந்தார். உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஆடிப்போனேன். நல்ல சொல். போலி என்பது ‘போல்’ என்பதிலிருந்து வந்தது. ஏமாற்று என்ற நாற்றம் பிறகு ஏறியதுதான். இலக்கணத்தில், ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்தும் பொருள் மாறாவிட்டால் அதற்குப் போலி என்று பெயர், அதில் ஒரு குற்றமும் இல்லை. பந்தல் பந்தர் ஆகிறது, ஐந்து அஞ்சு ஆகிறது. அஞ்சு யாரையும் ஏமாற்றவில்லை, ஐந்துக்கு ஒன்று குறையவும் இல்லை. போலிச் செய்தி என்றால் பொய்யான செய்தி. செய்திப்போலி என்றால் செய்தி போன்ற ஒன்று. சொற்களை இடம் மாற்றியதில் குற்றமே போய்விட்டது! தமிழால் மட்டும் முடிகிற வேலை என்று நண்பர் நெஞ்சை நிமிர்த்தினார்.

ஆனாலும் நான் ஏற்கவில்லை. இலக்கணம் படித்தவருக்குத்தான் அந்த அஞ்சு தெரியும். சந்தையில் நிற்பவருக்குப் போலி என்றால் போலி நோட்டு, போலி வைத்தியர், போலிச் சாமியார். செய்திப்போலி என்று தலைப்பில் போட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் போலிச் செய்தி என்றே வாசிப்பார்கள். ஒரு சொல் சரியாக இருப்பது மட்டும் போதாது, பிழையாக வாசிக்க முடியாததாகவும் இருக்கவேண்டும். காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் 1936இல் சென்னையில் கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அப்படி ஒருவர் பிறந்த மண்ணில் இருந்துகொண்டு அடிக்குறிப்போடு மட்டுமே விளங்குகிற சொல்லைப் பிள்ளைகளுக்குக் கொடுக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. இன்னொருவர் ‘உரைச்சித்திரம்’ என்றார். வானொலிக்காரர் வாயில் புழங்கிய அழகான சொல்தான். ஆனால் உரைச்சித்திரத்தில் சொல்லப்படுவது உண்மைத் தகவல், இங்கே கற்பனை.

என் சொல் ‘செய்திவேட நாடகம்’. இதைக் கூத்துக் களரியிலிருந்து எடுத்தேன். சின்ன வயதில் விடிய விடியக் கூத்துப் பார்க்கப் போய், பாயில் தூங்கி, நடுச்சாமத்தில் கண்ணை விழித்தால், வாளோடு ஒருவன் இன்னொருவனைத் துரத்திக்கொண்டு என் பக்கமாகவே ஓடி வருகிறான். முடி, மார்புப்பதக்கம், மத்தளம் இடிக்கிற இடி. நான் அலறிய அலறலில் பக்கத்துப் பாய்களும் எழும்பிவிட்டன. “அது நம்மட தெருவில மீன் விக்கிறவன்தான் மனே, குரலைக் கேள்” என்று அம்மா காதுக்குள் சொன்ன பிறகுதான் அடங்கினேன். கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் என்னை ஏமாற்றினாரா? கட்டியகாரன் வந்து, இன்ன ராசா கொலுவுக்கு வருகிறார் என்று எல்லாம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறான். அந்நேரம் நான் நித்திரை. அவ்வளவுதான் விஷயம். அமெரிக்காவிலும் அந்த இரவு கட்டியகாரன் வந்தான். பலர் அப்போது வேறொரு நிலையத்தில் எட்கர் பேர்கன் என்ற குரல்வித்தைக்காரரின் பொம்மை பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேடம் என்பதே ‘வேஷம்’ என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று நண்பர் எழுதுவார். தெரியும். கூத்துக்காரன் காலில் சலங்கை கட்டி ஆடிப் பழக்கிய சொல், இதற்கு மேல் தூய்மை எனக்கு வேண்டாம்.

ஓரிடத்தில் மட்டும் எனக்குச் சங்கடம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். புரளி என்று இவர்கள் மொழிபெயர்க்கிற ஆங்கிலத்து ‘ஹோக்ஸ்’ (hoax) என்ற சொல்லுக்கு, ஏமாற்று விளையாட்டுக்கு, எங்கள் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது: பேய்க்காட்டுதல். “என்னைப் பேய்க்காட்டிப்போட்டான்” என்றால் ஏமாற்றிவிட்டான் என்று அர்த்தம். அகராதிச் சொற்களையெல்லாம் விட எனக்கு இது பிடிக்கும். வெல்ஸ் அந்த நாடகத்தின் முடிவில், பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, வெல்ஸாகவே கேட்பவர்களிடம் பேசினார். படுக்கைத் துணியைப் போர்த்துக்கொண்டு புதருக்குள்ளிருந்து பாய்ந்து ‘பூ’ என்று கத்துகிற விளையாட்டின் வானொலி வடிவம்தான் இது என்றார். மறுநாள் அங்கே பேய் வேடம் போட்டுத் திரிகிற ஹலோவீன். ஆக, மனுசன் தன் வாயாலேயே பேய் காட்டினேன் என்கிறார்! சரி, அது சொல்லுக்குச் சொல் பேய் காட்டல். எங்கள் ஊர்ப் பேய்க்காட்டல் அல்ல. துணியை உடனே விலக்கி முகத்தைக் காட்டிவிட்டாரே.

துணியை விலக்காதவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். 1949 பெப்ரவரி 12ஆம் திகதி, எக்குவடோரின் கீற்றோ நகரில் இதே கதையை ஸ்பானிய மொழியில், தங்கள் ஊரிலேயே நடப்பதாக, முன்னறிவிப்பு இல்லாமல் ஒலிபரப்பினார்கள். உண்மை தெரிந்த கூட்டம் கோபத்தில் வந்து, வானொலியும் ‘எல் கொமேர்சியோ’ பத்திரிகையும் இருந்த கட்டடத்துக்கு நெருப்பு வைத்தது. ஆறு பேராவது செத்தார்கள். அதற்குப் புரளி என்று எழுதுங்கள், பேய்க்காட்டல் என்றும் எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நியூயோர்க்குக்கும் கீற்றோவுக்கும் ஒரே சொல்லைப் போடுகிற மொழிபெயர்ப்பாளர், இரண்டையும் வாசிக்கவில்லை என்றுதான் நினைக்கவேண்டியிருக்கிறது.

இதற்கு முன்பே, 1926 சனவரியில் பி.பி.சி.யில் ரொனால்ட் நொக்ஸ் என்ற பாதிரியார், லண்டனில் கலகம், பெரிய மணிக்கூட்டுக் கோபுரம் தகர்ந்தது என்று ஒரு நையாண்டி அறிக்கை வாசித்தார். அதிலும் முன்னறிவிப்பு இருந்தது, அதிலும் சிலர் ஏமாந்தார்கள். செய்திவேட நாடகம் என்ற சொல் அதற்கும் பொருந்துகிறது. அதனால்தான் கொஞ்சம் அடம்பிடிக்கிறேன்.

‘பெரும் பீதி’ மட்டும் என்ன? அந்தக் காலத்துப் பத்திரிகைகள், விளம்பரங்களை வானொலி பறித்துக்கொண்டு போகிற எரிச்சலில், நாடே தெருவுக்கு ஓடியதாக மறுநாள் முதல் பக்கத்தில் போட்டன. அன்றிரவு 5,000 வீடுகளுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டதில், 2 சதவீதம் பேர்தான் இந்த நாடகத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1940இல் ஹாட்லி கன்ட்ரில் என்ற உளவியலாளர் வேறு கணக்குச் சொன்னார்: 60 இலட்சம் பேராவது கேட்டார்கள், 10 இலட்சம் பேராவது பயந்தார்கள் என்று. பயந்தார்கள் என்பதற்கும் ஓடினார்கள் என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம்! தமிழில் அச்சம், கிலி, திகில், வெருட்சி என்று படிப்படியாக இருக்க, எங்கள் மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பீதி ஒன்றுதான் கிடைக்கிறது. மாடு வெருண்டாலும் பீதி, பங்குச்சந்தை விழுந்தாலும் பீதி. விளையாட்டுச் செய்தியில்கூட ஒருநாள் ‘பீதியில் பந்துவீச்சாளர்கள்’ என்று வாசித்தேன்.

சொல் பிழைத்தால் என்ன குடி முழுகியது என்று கேட்பீர்கள். 2012 ஏப்ரல் 11, பிற்பகல் 2 மணி கழிந்து சில நிமிடங்கள். சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 8.6 அளவில் நடுக்கம், சுனாமி எச்சரிக்கை. கல்லடியில் புதுப் பாலம் திறக்காத காலம் அது. ஓட்டோவும் சைக்கிளும் சனமும் பழைய இரும்புப் பாலத்தில் நெருக்கிக்கொண்டு டவுண் பக்கம் போனது. என் முன்னால் போன அம்மா ஒருத்தர் ஒரு கையில் பேரப்பிள்ளை, மறுகையில் அடையாள அட்டைகள் வைத்த சொப்பிங் பை, காலில் ஒற்றைச் செருப்பு. நிலத்தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் பெரிய அலை எழவில்லை. பிறகு அதைச் ‘சுனாமிப் புரளி’ என்று பேசினார்கள். எந்தப் புரளி? நடுக்கம் உண்மை, எச்சரிக்கை உண்மை, 2004 சுனாமியில் பக்கத்து நாவலடியில் நடந்தது உண்மை. அடுத்த தடவை ஒலிபெருக்கி கூப்பிடும்போது, ‘போன முறையும் புரளிதானே’ என்று யாராவது வீட்டில் இருந்துவிட்டால்?

மருமகனை இருத்தி இதெல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டான். குறிப்பில் புரளியை வெட்டி, மேலே செய்திவேட நாடகம் என்று எழுதவும் எழுதினான். மறுகா பேனையை மூடாமலே கேட்டான்:

“சோதினையில சேர் பிழை போட்டா, நீங்க வந்து கதைப்பீங்களா மாமா?”

வருவேன் என்றேன். அவன் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். பிறகு, அதன் பக்கத்தில் சின்ன எழுத்தில் ‘புரளி’ என்று திரும்பவும் எழுதி, அடைப்புக்குறி போட்டான்.